ஆட்டிசமா, இல்லையா? பதில் வருவதற்குள் செய்ய வேண்டியவை

நாலு வயதுப் பையன். தெருவில் போகும் பேருந்துகளின் எண்ணையெல்லாம் தப்பில்லாமல் ஒப்பிக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மற்ற பிள்ளைகள் விளையாடினால் ஓரமாக நின்று பார்க்கிறான், இல்லையென்றால் நடுவில் புகுந்து யாரையாவது தள்ளிவிடுகிறான். பரங்கிப்பேட்டைப் பக்கமோ பண்ருட்டிப் பக்கமோ இப்படி ஒரு பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பால்வாடி டீச்சர் "கொஞ்சம் ஹைப்பர்" என்கிறார். பாட்டி, "அவன் அப்பனும் மூணு வயசுக்கு மேலதான் பேசினான்" என்கிறாள். கடலூரில் காட்டினால் "ஸ்பீச் டிலே." சிதம்பரத்தில் காட்டினால் "ஆட்டிசம் சாயல் இருக்கு." புதுச்சேரியில் "மைல்டுதான், பயப்படாதீங்க." சென்னை வரை போனால், "ஆறு மாசம் தெரபி கொடுத்துட்டு வாங்க, அப்புறம் சொல்றேன்."

இவர்களில் யார் சொல்வது சரி என்று பெற்றோர் அலைவது இயல்பு. ஆனால் இத்தனை பேரும் நேர்மையாகவே சொல்லியிருக்கலாம் என்பதுதான் இந்தத் துறையின் வினோதம். பதில் ஏன் இப்படி ஆடுகிறது என்று புரிந்துகொண்டால், அது நிலைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்பதும் புரிந்துவிடும்.

நிலாவைக் காட்டும் விரல்

தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கிய வகை உண்டு. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்து, 3-ஆம் மாதம் தொடங்கி 21-ஆம் மாதம் வரை பத்துப் பருவங்களாகப் பாடுவது மரபு. குழந்தை வளர்ச்சி மருத்துவம் படித்த ஒருவர் அந்தப் பருவங்களை வரிசையாகப் பார்த்தால் வியந்துபோவார். சப்பாணிப் பருவம், கை கொட்டச் சொன்னால் பார்த்துக் கொட்டுவது. முத்தப் பருவம், கேட்டால் முத்தம் தருவது. வருகைப் பருவம், அழைத்தால் வருவது. அம்புலிப் பருவம், நிலாவைத் தன்னோடு விளையாட அழைப்பது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் வரும் சிற்றில் பருவத்தில், மணல்வீடு கட்டிய சிறுமியர் அதைச் சிதைக்காதே என்று கெஞ்சுகிறார்கள். அதாவது குழந்தை மற்ற பிள்ளைகளின் ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. எப்போது நடந்தான், எத்தனை பல் முளைத்தது என்ற கணக்கைவிட, குழந்தை மற்றவரோடு எப்படி ஒட்டுகிறது என்பதையே இந்தப் பருவங்கள் அதிகம் கவனிக்கின்றன.

இன்றைய மருத்துவமும் அதையேதான் பார்க்கிறது. சோறூட்டும்போது அம்மா நிலாவைக் காட்டுகிறாள். குழந்தை விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. பிறகு அம்மா முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. "நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன்" என்று இருவருக்கும் தெரிந்த அந்த நொடிக்குக் கூட்டுக் கவனம் என்று பெயர். ஒரு வயதைத் தாண்டிய சில மாதங்களில் குழந்தையே விரல் நீட்டிக் காட்டத் தொடங்கும். தண்ணீர் வேண்டும் என்று சொம்பைக் காட்டுவது ஒரு வகை. ஒன்றும் வேண்டாம், அந்தக் காக்கையை நீயும் பாரேன் என்று காட்டுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் பேச்சுக்கும் நட்புக்கும் அடித்தளம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு உலகெங்கும் பயன்படுத்தும் எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியலில் இவ்விரண்டு சுட்டலும் தனித்தனிக் கேள்விகளாகவே இருக்கின்றன.

இந்தப் படிகள் தாமதமானால் அது ஆட்டிசம் என்று அர்த்தமில்லை. பரிசோதிக்க வேண்டும் என்று அர்த்தம். 12 மாதத்தில் மழலை ஒலியோ கையசைவோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காட்டிவிட வேண்டும். வந்த பேச்சோ பழக்கமோ எந்த வயதில் திரும்பப் போனாலும் உடனே காட்ட வேண்டும்.

கோட்டை வரைந்தது யார்?

சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆட்டிசத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஸ்கேனில் தெரியாது, இரத்தத்தில் தெரியாது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இதில் பங்கு வகிக்கின்றன. ஒவ்வொரு குழந்தையிலும் கலவை வேறு. ஆகவே நடத்தையைப் பார்த்து, பெற்றோரைக் கேட்டு, ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்கிறார்கள். அந்தப் பட்டியலோ நிலையாக இருந்ததில்லை.

1943-ல் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து எழுதினார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசக்கூடிய, ஆனால் பழகத் தெரியாத சிறுவர்களைப் பற்றி எழுதினார். இருவருக்கும் முன்பே, 1920-களில், சோவியத் மருத்துவர் குருனியா சுக்கரேவா இத்தகைய பிள்ளைகளை நுட்பமாகப் பதிவுசெய்திருந்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-ல் ஆட்டிசம் தனி நோயாக இடம்பெற்றது. 1987-ல், எதிலும் முழுதாகப் பொருந்தாத பிள்ளைகளுக்கென்று ஒரு மிச்சப் பெட்டி சேர்ந்தது. 1994-ல் ஆஸ்பெர்கர் தனிப் பெயரானது. 2013-ல் இந்தப் பெயர்களையெல்லாம் கலைத்து 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். பேச்சைச் சூழலுக்கேற்பப் பயன்படுத்தத் திணறும் பிள்ளைகளுக்குச் சமூகத் தொடர்பாடல் குறைபாடு என்று புதிதாக ஒன்றையும் எழுதினார்கள். அதுவரை ஒரே பிள்ளைக்கு ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு-மிகைத்துடிப்பு இரண்டையும் சேர்த்து எழுத அந்தக் கையேடு அனுமதிக்கவில்லை. 2013 முதல் அனுமதிக்கிறது. இரண்டும் கலந்து வருவது சாதாரணம் என்பது நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும்.

பெயர் எவ்வளவு ஆடும் என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்க ஆய்வாளர் கேத்தரின் லார்டும் சகாக்களும் 12 பல்கலைக்கழக மையங்களில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை 2012-ல் வெளியிட்டார்கள். எல்லா மையத்திலும் அதே கருவிகள், பயிற்சி பெற்ற நிபுணர்கள். ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் என்று எழுதுவார்களா, ஆஸ்பெர்கர் என்றா, மிச்சப் பெட்டியா என்பதைப் பிள்ளையின் குணங்களைவிட எந்த மையத்தில் பார்த்தார்கள் என்பதே நன்றாகக் கணித்தது. அந்த உட்பிரிவுகளைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வளவு வசதியுள்ள இடங்களிலேயே அப்படி என்றால், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பதில் மாறுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

நம் நாட்டில் சான்றிதழுக்குப் பயன்படுவது இசா எனப்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கியது. ஆறு பிரிவுகளில் 40 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 153-க்கு மேல் கடுமையானது. 68 வாங்கிய பிள்ளைக்கும் 72 வாங்கிய பிள்ளைக்கும் வீட்டில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? தூங்காமல் பேருந்தேறி, பசியோடு, தெரியாத அறையில் உட்கார்ந்த நாளில் ஒரு பிள்ளை இரண்டு மதிப்பெண் கூடவோ குறையவோ வாங்கலாம். சட்டத்துக்குக் கோடு தேவை. மூளை வளர்ச்சி அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.

காதைப் பார்த்தீர்களா?

இந்தத் தடுமாற்றத்தில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பெயர் சொன்னால் திரும்பாத, பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதல் பரிசோதனை காதுக்குத்தான். "டிவி விளம்பரம் கேட்டால் ஓடி வருகிறானே" என்று விட்டுவிடுகிறோம். சில ஒலிகள் மட்டும் கேட்காத குறைபாடும் உண்டு. குழந்தை தூங்கும்போதே செய்யக்கூடிய பெரா பரிசோதனை அதைக் கண்டறிய உதவும். தமிழ்நாட்டில் இதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி உறவுக்குள் திருமணம் அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு, 28 விழுக்காடு. பிறவிக் காது கேளாமையின் ஒரு பகுதி இத்தகைய உறவுகளில் கூடுகிறது.

காதுக்கு அடுத்தபடியாகப் பார்வை, வலிப்பு, பொதுவான அறிவு வளர்ச்சி, மொழி வளர்ச்சி, கவனக்குறைவு, அளவு கடந்த பயம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் தனியாகவே "பழகாத பிள்ளை"யை உண்டாக்கலாம். ஆட்டிசத்தோடு சேர்ந்தும் வரலாம். பெண் பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். மற்றவரைப் பார்த்துப் பாவனை செய்து சமாளித்துக்கொள்வதால் பல சிறுமிகள் "கூச்ச சுபாவம்" என்ற பெயரோடு பத்து வயதைத் தாண்டிவிடுகிறார்கள்.

பொறுத்துப் பார்ப்பது எதை?

சான் டியேகோவில் 1,269 மழலைகளை 12 மாத வயதிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. முதல் பரிசோதனையில் ஆட்டிசம் என்று சொல்லப்பட்டவர்களில் 84 விழுக்காட்டினருக்கு மூன்று, நான்கு வயதிலும் அதே முடிவு நின்றது. முற்றிலும் இயல்பான வளர்ச்சிக்கு மாறியவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மறுபக்கம், கடைசியில் ஆட்டிசம் என்று தெளிவான பிள்ளைகளில் கிட்டத்தட்ட நால்வரில் ஒருவர் முதல் பரிசோதனையில் அப்படித் தெரியவே இல்லை. ஆகவே "இல்லை" என்ற முதல் பதில், "ஆம்" என்ற முதல் பதிலைவிட மாறக்கூடியது. இந்த ஆய்விலிருந்து நமக்கு இரண்டு செய்திகள். ஆம் என்றால், வளர வளரச் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள். இல்லை என்றாலும் சந்தேகம் நீடித்தால், ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டுங்கள்.

"ஆறு மாசம் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொல்வதில் தவறில்லை. பொறுத்திருக்க வேண்டியது பெயருக்காக மட்டும். பயிற்சியைப் பொறுத்துப் பார்க்கச் சொல்ல எந்த அறிவியலும் இல்லை. காரணம் எளிது: மூன்று வயதுப் பிள்ளைக்குப் பேச்சுத் தாமதமோ, ஆட்டிசமோ, இரண்டுக்கும் நடுவிலோ, முதல் ஆண்டில் வீட்டில் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் ஒன்றே.

வீட்டுக்குள் நடக்கும் சிகிச்சை

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்த பாஸ் என்ற சோதனை 2016-ல் வெளியானது. பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்றுவிக்கப்பட்ட சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். அம்மாவும் குழந்தையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுப்பார்கள். பிறகு அம்மாவோடு உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்ப்பார்கள். குறை சொல்வதில்லை. "இதோ, இந்த இடத்தில் அவன் பொம்மையை உருட்டினான், நீங்களும் உருட்டினீர்கள், உடனே உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா?" என்று நல்ல கணங்களைச் சுட்டிக்காட்டுவார்கள். மாதம் இரண்டு முறையாக ஆறு மாதம். முடிவில் பெற்றோர் குழந்தையின் போக்கோடு இசைந்து பழகுவது பெரிதும் கூடியது. குழந்தை தானாகப் பேச்சையோ சைகையையோ தொடங்குவதும் கூடியது. எல்லா அளவீடும் முன்னேறவில்லை. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனித்த நேரம் குறைந்தே போனது. ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகும் என்று விளம்பரம் செய்பவர்களுக்கும் ஆய்வுக்கும் உள்ள வித்தியாசம் இந்த நேர்மைதான்.

இதை வீட்டு மொழியில் சொன்னால் இவ்வளவுதான். அவன் சோடா மூடிகளை வரிசையாக அடுக்குகிறான் என்றால், பிடுங்கிவிட்டு "ஏ ஃபார் ஆப்பிள் சொல்லு" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்காருங்கள். ஒரு மூடியை நீங்களும் வையுங்கள். "சிவப்பு மூடி. இன்னொண்ணு" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பத்து எண்ணும் வரை காத்திருங்கள். அவன் பார்த்தாலோ, ஒரு சத்தம் எழுப்பினாலோ, அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு பதில் கொடுங்கள். நம் வீடுகளில் குழந்தையிடம் பேசுவது பெரும்பாலும் தேர்வு வைப்பதுதான்: "இது என்ன? மாமா பேரு என்ன? சொல்லு, சொல்லு." கேள்வியைக் குறைத்துச் செய்தியைக் கூட்டுங்கள்: "பஸ் வருது. மழை பெய்யுது. அப்பா செருப்பு கழட்டுறார்."

அதைத் தமிழிலேயே சொல்லுங்கள். ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காக, அரைகுறை ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும் வீடுகள் இருக்கின்றன. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்றே ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில்தான் கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் முடியும். குழந்தைக்குத் தேவை அந்த ஏற்ற இறக்கம்.

அடம் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு புலன்களின் வேதனை. மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று சிதம்பரம் கோயிலுக்குள் மணியோசை, மேளம், நெரிசல், கற்பூரப் புகை. நமக்குப் பரவசம், ஒலி மிகையாகக் கேட்கும் பிள்ளைக்கு அது தாங்க முடியாத தாக்குதல். புலன்களின் இந்த மிகை, குறை உணர்வு 2013 முதல் ஆட்டிச அடையாளங்களில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. பிள்ளையைக் கோயிலுக்கே அழைத்துப்போகாமல் இருப்பது தீர்வல்ல. கூட்டமில்லாத பிற்பகலில் அழைத்துப் போகலாம். முதல் நாளே படம் காட்டி எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லலாம். பத்து நிமிடத்தில் கிளம்பினாலும் அது வெற்றிதான்.

பள்ளியில் இரண்டு பக்கம்

பழகுவது ஒருவர் வேலை இல்லை. ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-ல் ஒரு வாதத்தை முன்வைத்தார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கு அவர்களைப் புரிகிறதா? வகுப்பறையில் இது நடைமுறைக் கேள்வி. தள்ளிவிடும் பிள்ளைக்கு "என்னையும் சேத்துக்கோ" என்று கேட்கத் தெரியவில்லை என்றால், அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். அதே நேரம் பொறுமையுள்ள ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். முப்பது பேரோடு பழகச் சொல்வதைவிட ஒருவனோடு ஒரே ஆட்டம் ஆடக் கற்பது பெரிய படி. மணியடிப்பதற்கு முன்பே "இன்னும் கொஞ்ச நேரத்துல நோட்டை மூடப்போறோம்" என்று சொல்வதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்கலாம்.

சீட்டு எதற்குத் தேவை

பெயர் இல்லாமல் பயிற்சி தொடங்கலாம். உரிமை வாங்கப் பெயர் வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு ஊனம் என்ற வரம்பும் இருக்கிறது. சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்றவை கிடைக்கும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவையும் சேர்த்து, ஈடு தருகிறது.

தொடங்கும் இடம் தூரத்தில் இல்லை. தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். ஆட்டிசம், மொழித் தாமதம், கவனக்குறைவு எல்லாம் அவர்கள் பட்டியலிலேயே இருக்கின்றன. அங்கிருந்து மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அண்ணாமலைநகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் உரிமைகள் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. இன்னும் விரிவான மதிப்பீடு தேவைப்பட்டால் புதுச்சேரியில் ஜிப்மர், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம். சான்றிதழைப் பிள்ளையின் ஜாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் தேதி இருக்கிறது. மறுமதிப்பீட்டில் மாறவும் கூடும்.

பெயர் தெரியாத பதற்றத்தில்தான் பணம் பறிபோகிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-ல் தெளிவுபடுத்தியது. ஆனாலும் லட்சக்கணக்கில் விலை சொல்லும் விளம்பரங்கள் ஓய்வதில்லை. இன்னொரு இழப்பு அம்மாவின் தலையில் விழும் பழி. 1960-களில் புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர் பாசமற்ற தாய்தான் காரணம் என்றார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-லேயே அதை மறுத்து நூல் எழுதினார். நம் ஊரில் அதன் இன்றைய வடிவம்: "போனைக் கொடுத்தே கெடுத்துட்டா." ஐந்து நாடுகளில் 20 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வு, ஆட்டிச வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காடு மரபுவழி என்று கணித்தது. போன் நேரத்தைக் குறைப்பது நல்லது. அந்த நேரம் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் கிடைக்கும். ஆனால் போன் கொடுத்ததால் ஆட்டிசம் வந்ததென்று எந்த அம்மாவும் குமைய வேண்டியதில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள்: இப்போது என்னென்ன செய்கிறான், எது வரவில்லை, எது நடந்தால் கத்துகிறான், எது செய்தால் அடங்குகிறான். போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ ஒன்றும் இருக்கட்டும். மருத்துவமனை அறையில் காணாத பிள்ளையை அது காட்டிவிடும். "இது ஆட்டிசமா?" என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மூன்று கேள்விகள்: அடுத்த மூன்று மாதத்தில் இவனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பலன் இருக்கிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் போங்கள். நான்காவது கேள்விக்கு அவர் "இன்னும் தெரியவில்லை" என்று சொன்னாலும் பரவாயில்லை.